கண்ணு தப்பிச்சதே, போதாதா

என் தங்கையின் நிச்சயதார்த்தம் வேலூர் பாகாயத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. ஆம்பூரிலிருந்து காலையிலேயே கிளம்பி வேலூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது என் மகளின் செருப்பு வார் அறுந்துவிட்டது. அப்போது அவளுக்கு ஆறு வயது. பட்டுப்பாவாடையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். என் கணவர் சிரித்தார். "செருப்பு செய்யற ஊர்லேந்து வந்துட்டு செருப்பில்லாம நிக்கிறா பாரு" என்றார். நான் வேலை செய்வது ஷூ கம்பெனியில். அதனால் அந்தக் கேலி எனக்கும் சேர்த்துத்தான்.

மண்டபத்துக்குப் போக நேரம் இருந்தது. கடைத்தெருவில் கண்ணில் பட்ட முதல் செருப்புக்கடைக்குள் நுழைந்தோம். பெரிய கடை. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. பிள்ளைகள் செருப்பெல்லாம் ஒரு பக்கச் சுவர் முழுக்க மாட்டியிருந்தார்கள். ஓட்டை ஓட்டையாக இருக்கும் வெள்ளைப் பலகையில் ஒரு சாண் நீளத்துக்கு ஸ்டீல் கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியிலும் நாலைந்து ஜோடி. மேல் வரிசைகளில் செருப்பு நிறைய இருந்ததால் கொக்கி வெளியே தெரியவில்லை. கீழ் வரிசைகளில் பாதி விற்றுப் போயிருந்தது. அங்கே கம்பிகள் மொட்டையாக நீட்டிக்கொண்டு இருந்தன. இதையெல்லாம் நான் அன்றைக்குப் பார்க்கவில்லை. பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்ததில் இப்போது பார்த்த மாதிரியே இருக்கிறது.

விற்பனைக்கு நின்ற பெண்ணுக்கு இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயது இருக்கும். மெலிந்த உடம்பு, கடைக்காரர்கள் கொடுத்த நீலக் கோட்டு. முட்டி போட்டு உட்கார்ந்து மகளின் காலில் ஒரு வெள்ளைச் செருப்பைப் போட்டுவிட்டாள். நானும் குனிந்து, விரலுக்கு முன்னால் இடம் இருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன்.

"நடந்து பாரு பாப்பா" என்றாள் அந்தப் பெண்.

மகள் திரும்பினாள். அவ்வளவுதான். "ஆ" என்று சின்னதாக ஒரு சத்தம். மறுபடி எங்கள் பக்கம் திரும்பியபோது இடது கண் இருந்த இடத்தில் ரத்தம்தான் இருந்தது. இமை, மூக்கோரம், கன்னம் என்று வழிந்து பாவாடையின் ஜரிகை வரைக்கும் இறங்கியது. கண் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். எனக்குக் கை ஓடவில்லை. அந்தப் பெண்தான் தரையில் அப்படியே உட்கார்ந்து, மகளின் தலையை மடியில் சாய்த்து, தன் துப்பட்டாவைச் சுருட்டி அழுத்திப் பிடித்தாள். துப்பட்டாவை ஒரு நொடி எடுத்து உற்றுப் பார்த்துவிட்டு, "கண்ணு இல்லக்கா, கண்ணு இல்ல. புருவம்தான்" என்றாள். அவள் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கல்லாப்பெட்டியிலிருந்து மேனேஜர் எழுந்து வந்தார். "தரையெல்லாம் ரத்தம், யாராவது வந்து தொடைங்கப்பா" என்று உள்பக்கம் பார்த்துச் சொன்னார். அப்புறம் என்னிடம், "கொழந்தைய கையில புடிச்சிக்கணும்மா" என்றார். கணவர் ஆட்டோ பிடிக்க ஓடினார். மகளின் காலில் அந்தப் புதுச் செருப்பு ஒன்று மாட்டியிருந்தது. மேனேஜர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தப் பெண் குனிந்து கழற்றிக்கொண்டாள்.

பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில் மூன்று தையல் போட்டார்கள். ஊசி போட்டு மரத்துப்போக வைக்கும்போதுதான் மகள் கத்தினாள். டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே, "கொஞ்சம் கீழ பட்டிருந்தா அவ்ளோதான். கண்ணு தப்பிச்சதே, சந்தோஷப்படுங்க" என்றார்.

நான் சந்தோஷப்பட்டேன். பொய்யில்லை. ஆனால் அந்த வார்த்தையை அன்று மாலைக்குள் மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் என்னிடம் சொல்லி முடித்துவிட்டார்கள். நிச்சயதார்த்தப் போட்டோக்களில் என் மகள் புருவத்தில் வெள்ளைக் கட்டோடு, வெறுங்காலோடு நிற்கிறாள். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி, "நல்ல காரியத்தன்னிக்கு ரத்தம் பாத்துட்டமே" என்று மெதுவாக முணுமுணுத்தது என் தங்கை காதில் விழுந்துவிட்டது. தட்டு மாற்றும்போது அவள் முகமே சரியில்லை. "இன்னிக்குப் போயி அந்தக் கடைக்குள்ள நுழையணுமா நீங்க?" என்று என்னிடம் கேட்டாள். பிறகு அவளே வருத்தப்பட்டாள். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் கேட்டுவிட்டாள் அல்லவா.

தையல் பிரித்த அன்றைக்கு, வேலூர் வரைக்கும் வந்ததுதானே என்று அந்தக் கடைக்குப் போகலாம் என்றேன். கணவருக்கு இஷ்டமில்லை. அவர் லோடு வண்டி ஓட்டுகிறார். கடைக்காரர்களோடு மல்லுக்கு நின்றால் என்ன ஆகும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வெளியே மகளோடு நின்றுகொண்டார். நான் மட்டும் உள்ளே போனேன்.

கொக்கிகள் அப்படியே இருந்தன. என் இடுப்புயரத்தில் ஒரு வரிசை, அதற்குக் கீழே இன்னொரு வரிசை. ஒரு பெண் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, கூட வந்த சின்னப் பெண்ணைச் சுவர்ப்பக்கம் நிறுத்தி அளவு பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "பாப்பா எப்டி இருக்கு?" என்று நல்லபடியாகத்தான் கேட்டார்.

"நல்லா இருக்கா சார். இந்தக் கீழ் வரிசைக் கொக்கிய எடுத்துடுங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"எடுத்துட்டா சரக்க எதுல மாட்றது?"

"முனையில ரப்பராச்சும் போடலாம்ல?"

"மேடம், இந்தக் கடை எத்தினி வருஷமா இருக்குது தெரியுமா? இதுவரைக்கும் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல. உங்க பொண்ணு ஓடுச்சு, குத்திக்கிச்சு."

"ஓடலையே சார். செருப்பப் போட்டுட்டு திரும்புனா. அந்தப் பொண்ண கேளுங்க. இல்லன்னா கேமராவப் பாருங்க, மேல இருக்குதே."

"அன்னிக்கு கேமரா ரிப்பேரு."

அந்தப் பெண் அடுத்த சுவரோரம் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள், பெட்டிகள் பக்கம் திரும்பிக்கொண்டாள். மேனேஜர் ஒரு ஜோடி செருப்பை எடுத்துப் பையில் போட்டு என் கையில் கொடுக்க வந்தார். "பாப்பாவுக்குக் குடுங்க. நம்ம கடைலேந்து சும்மாதான்." அன்று கழற்றிக்கொண்ட அதே வெள்ளைச் செருப்பு மாதிரி இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனேன். அங்கிருந்த பெண் போலீஸ் என்னை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, என் போனில் இருந்த காயத்தின் போட்டோவைப் பார்த்தார். "கண்ணு தப்பிச்சதே, போதாதாம்மா? இதுக்கெல்லாம் கேஸ் போட்டு நீதான் அலைவே. வேணும்னா கன்சூமர் கோர்ட்டுக்குப் போ" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனியில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஷூ தைக்கிறோம். லைனில் ஒரு மெஷினில் ஊசி உடைந்தால் அந்த மெஷினை நிறுத்திவிடுவார்கள். உடைந்த துண்டுகள் எல்லாம் கிடைத்து, சேர்த்து வைத்துப் பார்த்து முழு ஊசி ஆனால்தான் மறுபடி தைக்கலாம். ஒரு துணுக்கு கிடைக்கவில்லை என்றால் அதுவரை தைத்த பீஸ் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுத் தேட வேண்டும். எங்கோ ஒரு தேசத்தில் ஒரு குழந்தையின் கால் விரலில் குத்திவிடக்கூடாது. இத்தனை வருஷமாக நானும் தரையில் மண்டியிட்டு, காந்தத்தை நகர்த்தி நகர்த்தி அந்தத் துணுக்குகளைத் தேடியிருக்கிறேன். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. மகளுக்கு அடிபட்ட பிறகு ஒருநாள் அப்படித் தேடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று அழுகை வந்துவிட்டது. சூப்பர்வைசர் தலைவலியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பக்கத்து மெஷினில் உட்காரும் பெண்தான் விஷயத்தைப் பிடுங்கினாள். என்னைவிடச் சின்னவள். வீட்டில் உருது பேசுகிற குடும்பம், என்னோடு பேசும்போது எங்கள் தமிழே பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் இரண்டும் கலக்கும். அவளுடைய அண்ணன் ஒரு வக்கீலிடம் உதவியாளராக இருந்தார்.

"அக்கா, கம்ப்ளைண்ட் குடு. வக்கீலே வேணாம், நீயே நின்னு பேசலாம். எங்கண்ணன் எழுதித் தருவான்."

"எதுக்குடி? கண்ணு தப்பிச்சதேன்னு எல்லாரும் சொல்றாங்க."

"அடுத்த புள்ளைக்குத் தப்புமா?" என்றாள்.

அந்த ஒரு கேள்விக்காகத்தான் போனேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். அது மட்டுமில்லை. "உங்க பொண்ணு ஓடுச்சு" என்று அந்த ஆள் சொன்னது எனக்குள் ஒரு முள் மாதிரி இருந்துகொண்டே இருந்தது. என் மகள் ஓடவில்லை.

அவளுடைய அண்ணன் புகாரை எழுதிக் கொடுத்தார். நான் சத்துவாச்சாரியில் இருக்கும் கன்சூமர் கோர்ட்டில் போய்க் கொடுத்தேன். நோட்டீஸ் போனது. வெகுநாள் கழித்துக் கடைக்காரர்களின் பதில் வந்தது. குழந்தை கடைக்குள் அங்கும் இங்கும் ஓடி விளையாடியதாகவும், தாய் கைபேசியில் கவனமாக இருந்ததாகவும், ஊழியர்கள் பலமுறை எச்சரித்ததாகவும், கடையின் நற்பெயரைக் கெடுக்கவே இந்தப் புகார் என்றும் இருந்தது. கூடவே அந்த விற்பனைப் பெண் கையெழுத்திட்ட பிரமாண வாக்குமூலம். அதிலும் அதே வரிகள்.

நான் அதை அடுப்படியில் நின்று படித்தேன். மேனேஜர் சொன்னதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் மடி என் கண்ணுக்கு முன்னால் வந்துகொண்டே இருந்தது. ரத்தம் ஊறிய துப்பட்டாவை அவள் எப்படித் துவைத்திருப்பாள் என்றெல்லாம் அன்றைக்கு யோசித்திருக்கிறேன். கடைசியில் அவளே இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறாள். மாமியார் பதிலைக் கணவரிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "போனப் பாத்துட்டு இருந்தியா இன்னா?" என்றார். நான் குக்கரைத் திறந்தேன்.

அதற்கப்புறம் வாய்தாக்கள். ஒவ்வொரு முறையும் கம்பெனியில் லீவு சொல்ல வேண்டும். லைனில் ஆள் குறைந்தால் டார்கெட் குறையாது, என் பங்கை மற்றவர்கள் தைக்க வேண்டும். முதல் முறை எல்லோரும் "போய்ட்டு வா" என்றார்கள். போகப்போக ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் நின்றபடி சத்துவாச்சாரி போவேன். படியேறி, பெஞ்சில் உட்கார்ந்து, பெயர் கூப்பிடும் வரைக்கும் காத்திருப்பேன். கடைக்காரர்களின் வக்கீல் எழுந்து அவகாசம் கேட்பார். ஒருமுறை அவருக்கு வேறு கோர்ட்டில் வேலை, ஒருமுறை கட்சிக்காரருக்கு உடம்பு சரியில்லை. வேறு தேதி கிடைக்கும். கீழே இறங்கி ஒரு வடையும் டீயும் சாப்பிட்டுவிட்டு மறுபடி பஸ். கூட உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவருக்கு வாஷிங் மெஷின் வழக்கு, இன்னொருவருக்கு வீட்டுமனை. "உங்களுக்கு இன்னாம்மா?" என்று கேட்பார்கள். சொல்வேன். "கண்ணு தப்பிச்சதே" என்பார்கள்.

தங்கையின் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மகளின் புருவத்தில் முடி முளைக்காத ஒரு கோடு விழுந்துவிட்டது. காலேஜ் போகும் என் கணவரின் அண்ணன் மகன் அதைப் பார்த்துவிட்டு, "சித்தி, நான் இதுக்கு சலூன்ல காசு குடுத்து வெட்டிட்டு வர்றேன், இவளுக்குத் தானா இருக்குது" என்றான். மகளுக்கு அதில் ரொம்பப் பெருமை. பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களிடம் ஸ்டைலுக்காக வெட்டியது என்று சொல்லித் திரிந்தாள். அவள் மறக்கத் தொடங்கிவிட்டாள். வழக்கு மட்டும் என்னிடம் இருந்தது.

ஒருநாள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். கணவர் சோறு போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தார்.

"உனக்கு பேஜாரா இல்லயா?" என்றார்.

"இருக்குது."

"அப்புறம் எதுக்கு?"

"பாதிக்கு மேல வந்தாச்சு."

"பாதின்னு யாரு சொன்னா?" என்றார்.

அடுத்த வாய்தாவில் நான் எழுந்து, அந்த வாக்குமூலம் பொய் என்று சொன்னேன். மேலே உட்கார்ந்திருந்த ஜட்ஜம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அப்படின்னா அந்தச் சாட்சியை வரச் சொல்றோம். நீங்களே கேள்வி கேளுங்க" என்றார். வக்கீல் ஏதோ சொல்ல வந்தார். அவரை உட்காரச் சொல்லிவிட்டார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஏதோ ஒன்று நகர்ந்தது போல இருந்தது. கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மெஷின்காரியும் நானும் உட்கார்ந்து கேள்விகள் தயார் செய்தோம். செருப்பை மாட்டிவிட்டது யார்? நடந்து பார் என்று சொன்னது யார்? ஓடுகிற குழந்தைக்கு எப்படிச் செருப்பு மாட்டினாய்? இந்தக் கடைசிக் கேள்வி அவள் யோசித்தது. சொல்லிவிட்டு அவளே தொடையில் தட்டிக்கொண்டாள். "மாட்டிக்கிச்சுக்கா. ஒரே கேள்வி, கேஸ் முடிஞ்சிது."

சாட்சி வர வேண்டிய அன்று மகளுக்குப் பள்ளி லீவு. கணவரும் வண்டியை நிறுத்திவிட்டுக் கூட வந்தார். நாங்கள் சீக்கிரமே போய்விட்டோம். அவர்களைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மகளுக்கு பிஸ்கட் வாங்க வெளியே டீக்கடைக்கு வந்தேன். அங்கே அந்தப் பெண் நின்றிருந்தாள். நீலக் கோட்டு இல்லாமல் இன்னும் சின்னவளாகத் தெரிந்தாள். கையில் டீ. குடிக்கவில்லை.

"அக்கா" என்றாள். "பாப்பா நல்லா இருக்குதா?"

அவளைப் பார்த்தால் என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன்.

"நல்லா இருக்கா" என்றேன். "ஓடுனான்னு எழுதிக் குடுத்திருக்கியே."

"டைப் பண்ணி எடுத்தாந்தாங்கக்கா. கையெழுத்துப் போடச் சொன்னாங்க."

"படிச்சியா?"

படிக்கவில்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"படிச்சேன்" என்றாள்.

"படிச்சிட்டுத்தான் போட்டியா?"

"ஆமாக்கா." அழவில்லை. டம்ளரைப் பலகையில் வைத்தாள். "நீங்க இன்னிக்குக் கேட்டா உள்ளத சொல்லிடுவேன். அதான் நேத்துலேந்து சோறு எறங்கல."

"சொன்னா இன்னா ஆவும்?"

"நாளைலேந்து வராதன்னு சொல்லுவாங்க. முன்ன போட்ட கையெழுத்துக்குக் கேஸும் வரும்னு வக்கீல் சார் சொல்றாரு. வருமாக்கா?"

எனக்குத் தெரியவில்லை. அவள் வீடு பேரணாம்பட்டு. அப்பா தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்து நுரையீரல் கெட்டு வீட்டோடு இருக்கிறார், அம்மா பீடி சுற்றுகிறார். வேலூரில் கடைப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். இதையெல்லாம் நான் கேட்டுத்தான் சொன்னாள். என் மனசை இளக்கச் சொன்ன மாதிரி இல்லை. சொல்லி முடித்துவிட்டு, "நேரமாவுது, நான் முன்ன போறேன்" என்று படியேறிவிட்டாள். எங்களைச் சேர்த்து யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று பயந்திருக்கலாம்.

நான் பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது என் மகள் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, மடியில் மருந்துச்சீட்டும் மாத்திரையும் உள்ள பை. கால்கள் இரண்டும் வீங்கி, ரப்பர் செருப்புக்குள் பிதுங்கிக்கொண்டு இருந்தன. கடை முதலாளி அவர்தான் என்று வக்கீல் ஓடிவந்து கும்பிட்டபோதுதான் தெரிந்தது.

"இதானா பாப்பா?" என்று என் கணவரிடம் கேட்டார். மகளின் முகத்தை நிமிர்த்திப் புருவத்தைப் பார்த்தார். தொடவில்லை. "வலிச்சுதாம்மா?"

"அப்ப வலிச்சுது" என்றாள் மகள். "இப்ப மறந்துட்டேன்."

அவர் என்னைப் பார்த்து, "கடைய இப்ப மச்சினன்தான் பாத்துக்கிறான். நான் ஆஸ்பத்திரியும் வீடுமா இருக்கேன். நீங்க பெரிய தொகை கேக்குறீங்கன்னு வக்கீல் சொல்றாரு. உங்களுக்கு இன்னாதான்மா வேணும்?" என்றார்.

"கீழ் வரிசைக் கொக்கிய எடுத்துடணும் ஐயா. மத்த கொக்கிக்கு முனையில மூடி போடணும். பாப்பா ஓடலன்னு ஒரு வரி எழுதித் தரணும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் குனிந்து, "முதல் ரெண்டும் செய்யலாம் ஐயா. மூணாவது முடியாது. தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றார். பெரியவர் தலையை ஆட்டினார். தன் வக்கீல் சொன்னதை மீறுகிற தெம்பு அவருக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

பெஞ்சின் அந்தக் கோடியில் அந்தப் பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். என் பையில் கேள்விகள் எழுதிய தாள் இருந்தது. உள்ளே போய் அந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும். என் மகள் ஓடவில்லை என்று எல்லோர் முன்னாலும் ஆகிவிடும். அவளும் சொல்லிவிடுவாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்காகத்தான் இத்தனை நாள் அலைந்தேன். ஆனால் அந்தப் பதிலால் வேலை போவது அவளுக்குத்தான்.

"மூணாவது வேணாம்" என்றேன். "அதுக்குப் பதிலா, அந்தப் பொண்ணு குடுத்த வாக்குமூலத்த திரும்ப வாங்கிக்குங்க. அவள யாரும் ஒண்ணும் கேக்க வேணாம். வேலைலேந்தும் எடுக்கக்கூடாது."

வக்கீல் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இதில் ஏதோ சூது இருக்கிறது என்று நினைத்திருப்பார். பெரியவர், "அந்தப் பொண்ண எதுக்கு எடுக்கப் போறோம்?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

உள்ளே கூப்பிட்டார்கள். சமரசம் என்று சொன்னார்கள். மேலே இருந்த அம்மா என்னிடம், "யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். யார் மீதும் தவறு என்று குறிப்பிடாமல் இரு தரப்பும் ஒத்துக்கொண்டதாக எழுதினார்கள். ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். ரோஷத்துக்காக வேண்டாம் என்று சொல்லும் வசதி எங்களுக்கு இல்லை. பெரியவர் கைத்தடியைத் தேடி எடுத்துக்கொண்டு, மகளிடம் எந்தக் கிளாஸ் என்று கேட்டுவிட்டுப் போனார். மன்னிப்பு என்று யாரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பெண் படியிறங்கும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். கையை லேசாகத் தூக்கினாள். நானும் தூக்கினேன்.

பஸ்ஸில் கணவரிடம் டீக்கடையில் நடந்ததைச் சொன்னேன்.

"இத அப்பவே விட்டிருக்கலாம்ல?" என்றார்.

"அப்ப விட்டிருந்தா கொக்கி அங்கியேதான் இருக்கும்."

"இருந்துட்டுப் போவுது" என்றார். சொன்ன வேகத்தில் அவருக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். மகளைத் தூக்கி மடியில் உட்கார வைத்துக்கொண்டார்.

பக்கத்து மெஷின்காரிக்குத்தான் ஆறவே இல்லை. "கைக்கு வந்தத விட்டுட்டு வந்திருக்கியே அக்கா. ஒரே கேள்விதானே?" என்றாள். அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். "அவ போட்ட கையெழுத்துக்கு அவதானே பதில் சொல்லணும்?" என்றாள். அதிலும் நியாயம் இருக்கிறது. கொஞ்ச நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அப்புறம் அவளுடைய வீட்டுப் பிரச்சினை ஒன்று வந்தது, பேச ஆரம்பித்துவிட்டாள்.

பல வாரங்கள் கழித்து, வேறு வேலையாக வேலூர் போனபோது அந்தக் கடையை எட்டிப் பார்த்தேன். கீழ் வரிசைகளில் கொக்கி இல்லை. அந்த இடத்தில் அட்டைப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். மேலே இருந்த கொக்கிகளில் பாதிக்குக் கறுப்பு ரப்பர் மூடி போட்டிருந்தது, பாதிக்குப் போடவில்லை. மூடி தீர்ந்துவிட்டதோ, போடும் ஆளுக்கு அலுத்துவிட்டதோ. மேனேஜர் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனில் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் எங்கே என்று வேறொரு நீலக் கோட்டுப் பெண்ணிடம் கேட்டேன். மேல்மாடியில் லேடீஸ் செக்‌ஷனுக்கு மாற்றிவிட்டார்கள் என்றாள். வேலையில் இருக்கிறாள் என்பது போதும் என்று தோன்றியது. மாடி ஏறவில்லை. மூடி போடாத கொக்கிகளைப் பற்றிச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். என்னிடம் அதற்கான தெம்பு இல்லை. வெளியே வந்துவிட்டேன்.

அன்று அந்தத் தெருவில் இருந்த மற்ற கடைகளையும் பார்த்துக்கொண்டே நடந்தேன். பை கடை, பாத்திரக் கடை, பெல்ட் கடை. எல்லாவற்றிலும் அதே வெள்ளைப் பலகை, அதே கம்பிகள். இதற்கு முன்னால் என் கண்ணில் இவை பட்டதே இல்லை. இப்போது அவை மட்டும்தான் படுகின்றன.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. அந்தக் கடையைப் பற்றிக் கேட்டால் அவளுக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கிறது, அதிலும் பாதி நாங்கள் பேசிக் கேட்டது. ஆனால் எந்தக் கடைக்குக் கூட்டிப்போனாலும், வாசலைத் தாண்டியதும் அவள் கை தானாக மேலே போய் இடது புருவத்தை மூடிக்கொள்கிறது. ஏன் அப்படிச் செய்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன். "எப்படி?" என்று கேட்டாள். அவளுக்கே தெரியவில்லை. அதற்கப்புறம் நான் கேட்பதில்லை. கூடவே, அவளுக்கும் சுவருக்கும் நடுவில் நடக்கிறேன்.